பூசையில் வாசிக்கப்பட்ட என் புராஸ்டேட்

1

நான் மந்தைவெளியை விட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பி இருபத்தொன்பது வருடம் நிறைந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதே நாளில்தான் என் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றி ஏறக்குறைய நானூறு பேருக்குத் தெரியவும் வந்தது. நான் அங்கேயே, மூன்றாவது பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மந்தைவெளிக் கோவிலில் பூசைக்குக் கருத்து கொடுக்கும் வழக்கம் உண்டு. யாருக்காக, எதற்காக வேண்ட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், பூசை தொடங்கும் முன் மைக்கில் வாசிப்பார்கள். நோய் என்றால் 'உடல்நலம் வேண்டி' என்று எழுதுவதோடு சரி. நோயின் பெயரை யாரும் எழுதுவதில்லை. ஆனால் என் தங்கை பிலோமினா முப்பத்தைந்து வருடம் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். விடையை முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அன்று சீட்டுகளை வாசித்தவரோ ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கையில் கொடுத்த காகிதத்தில் ஒரு கமாவைக்கூட விடமாட்டார்.

"மந்தைவெளி பிலோமினாவின் அண்ணன் லாரன்ஸ் அவர்கள், தமக்கு வந்திருக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்வதா, மாத்திரை சாப்பிடுவதா, அல்லது அறுவை சிகிச்சை மூலம் விதைகளை அகற்றிக்கொள்வதா என்பதில் தூய ஆவியார் தெளிவு தர வேண்டி."

 முன் பெஞ்சுத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. என் மனைவி ஸ்டெல்லா பீடத்தைப் பார்த்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். தோள் குலுங்கிய விதத்தில் அது வேறு என்று தெரிந்தது.

வெளியே வந்ததும் தங்கையைப் பிடித்தேன். "ஏண்டி பிலோ, கடவுளுக்கு இவ்வளவு விவரம் வேணுமா?"

"போன வாரம் மூணு லாரன்ஸுக்கு உடல்நலம் வேண்டிக் குடுத்திருந்தாங்க அண்ணே. மாறிப் போயிடக் கூடாதுல்ல," என்றாள்.

2

கதையை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் லெஸ்டர் நகரத்தில் பஸ் ஓட்டினேன். இருபத்து நான்கு வருடம். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. மீதியை எல்லாம் பயணிகள் சொல்லிக் கொடுத்தார்கள். நல்லதாக ஒரு வார்த்தை யார் சொன்னாலும் சட்டைப்பையில் இருக்கும் நோட்டில் எழுதிவிடுவேன். மழையில் நனைந்து ஏறிய ஒரு கிழவர், "என் மூட்டுக்கு எனக்கு முன்னாலேயே வயதாகிவிட்டது" என்றார். அப்படி அந்த நோட்டு முழுக்க அடுத்தவர் பேச்சு. என்னுடையது என்று ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் ஏறியது. அப்புறம் ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சதை, மறுபடி ஸ்கேன். கடைசியில் மருத்துவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலியை இழுக்கிறார் என்றாலே நமக்குப் புரிந்துவிடுகிறது, இல்லையா? புற்று இடுப்பெலும்பில் இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறது. வேரோடு எடுக்க முடியாது, ஆனால் வருடக்கணக்கில் அடக்கி வைக்க முடியும் என்றார். ஆண் ஹார்மோன்தான் அதற்குச் சாப்பாடு. சாப்பாட்டை நிறுத்த மூன்று வழி.

இந்த இடத்தில் ஒரு பெண்குரல் சேர்ந்துகொண்டது. மொழிபெயர்ப்பாளர், தொலைபேசியில். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு படிவத்தில் 'மொழிபெயர்ப்பாளர் தேவையா' என்ற கேள்விக்கு நான் 'ஆம்' என்று டிக் அடித்திருந்தேன். அதற்குப் பிறகு இங்கிலீஷ்காரர்களோடு இங்கிலீஷிலேயே சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்த டிக்கை எடுக்க எந்த அலுவலகத்துக்கும் அதிகாரம் இல்லை போலிருக்கிறது. மூன்று முறை கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அன்று வந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா. வயதான குரல். ஊசியை அழகாகச் சொன்னார், மாத்திரையை அழகாகச் சொன்னார். மூன்றாவதற்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஐயா, டொக்டர் இப்ப ஒரு உறுப்பைச் சொன்னவர்."

"கேட்டேன்மா."

"அதுக்குத் தமிழில ஒரு சொல் இருக்கு. நான் சொல்ல மாட்டன். உங்களுக்கு விளங்கினது தானே?"

"நல்லா விளங்குச்சும்மா."

"அப்ப ஓமெண்டு சொல்லிவிடுறன்."

அவர் ஆங்கிலத்தில் 'நோயாளிக்குப் புரிந்துவிட்டது' என்றார். மருத்துவர் நிம்மதியாகத் தலையாட்டினார். மரணச் செய்தியில் பாதி கேட்டுக்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஸ்டெல்லா என் தொடையில் கிள்ளினாள்.

3

மூன்று வழியையும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் யாருக்காவது நாளைக்குத் தேவைப்படலாம். நான் மருத்துவன் இல்லை, எனக்குச் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. போட்ட புதிதில் ஹார்மோன் இறங்குவதற்கு முன்னால் கொஞ்சம் ஏறும் என்பதால், ஆரம்பத்தில் சில வாரம் ஒரு மாத்திரை துணைக்கு. இரண்டாவது, தினமும் சாப்பிடும் மாத்திரை. இது வேறு மாத்திரை. வேகமாக வேலை செய்யும், ஆனால் மறந்தால் ஹார்மோனும் அதே வேகத்தில் திரும்பி வந்துவிடும். மூன்றாவது அறுவை. ஒரு நாள் வேலை. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, திரும்பி வரும் வழியும் இல்லை. எதை எடுத்தாலும், அந்தத் துணை மாத்திரை உட்பட, உடம்பில் திடீரென்று வெப்பம் பொங்கும், ஆசை குறையும், எடை கூடும், எலும்பு மெலியும், காரணம் இல்லாமல் அழுகை வரலாம். குரல் மாறுமா, மீசை போய்விடுமா என்றெல்லாம் கேட்டேன். மீசை வளர்த்தவனுக்கு அந்தக் கவலைதானே முதலில் வரும். இரண்டும் இல்லை என்றார் மருத்துவர்.

யோசிக்க மூன்று வாரம் கொடுத்தார்கள். ஜேனட் என்ற நர்ஸ், தனக்கு நேராகப் போன் செய்யச் சொல்லி எண் கொடுத்தாள். ஊசி என்று முடிவானால் அந்த நாளே ஆரம்பிக்கும்படி துணை மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். சென்னைக்கு ஏற்கெனவே டிக்கெட் போட்டிருந்தோம். அங்கே போய் யோசியுங்கள், வெயிலில் மூளை வேலை செய்யும் என்றாள். சென்னை வெயிலைப் பார்க்காதவள் அப்படித்தான் சொல்வாள்.

எங்கள் மகன் ஜெரோம் ஸ்காட்லாந்தில் இருக்கிறான். மூன்று வயதில் தூக்கிக்கொண்டு போனது. 'சாப்டியா' என்று கேட்டால் 'சாப்டேன்' என்பான். அதற்கு மேல் தமிழ் வராது, தந்தையும் மகனும் அங்கிருந்து இங்கிலீஷுக்கு மாறிவிடுவோம். ஊசி, மாத்திரை, அறுவை மூன்றையும் வைத்து அவன் ஒரு பெரிய அட்டவணை போட்டு அனுப்பினான். இதயத்துக்கு, எலும்புக்கு, பயணத்துக்கு, மனநிலைக்கு என்று கட்டம் கட்டமாக. ஒவ்வொன்றிலும் இரண்டு வரி. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'தாம்பத்தியம்' என்பதற்கான இங்கிலீஷ். அதன் கீழே மூன்று கட்டமும் காலி.

"உன் உடம்பு, உன் முடிவு அப்பா," என்று வீடியோவில் இங்கிலீஷில் சொன்னான். எங்கோ போய்விட்டான் இவன், நமக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கடல் என்று நான் பல வருடமாக வருத்தப்பட்டதுண்டு. அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்ததும் அடச்சீ, இவன் நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிந்துவிட்டது.

4

பூசை முடிந்த அன்று மாலைக்குள் மந்தைவெளியில் என் உடம்பைப் பற்றி ஒரு கருத்தரங்கமே நடந்துவிட்டது. இங்கிலாந்தில் ஒருவனுக்குப் புற்றுநோய் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "தேவைப்பட்டால் சொல்லுங்கள்" என்பார். பிறகு மாதக்கணக்கில் நாம் எதுவும் சொல்லாதபடி பார்த்துக்கொள்வார். இங்கே வீட்டுக்குள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எதுல வெச்சுருக்கீங்க முடிவு?" என்றார்கள். மருத்துவர் நாற்காலியை இழுத்தபோது மிச்சமிருக்கும் வருடங்களை எண்ணினேன். இவர்கள் இழுத்தபோது காபி எத்தனை என்று எண்ண ஆரம்பித்தேன்.

மாடி வீட்டு மாமி ஒரு டப்பா நிறைய தட்டையோடு இறங்கி வந்தார்.

"எங்காத்துக்காரருக்கு ஊசிதான். ஆறு வருஷமாப் போட்டுண்டு இருக்கார்," என்றார்.

"எப்படி இருக்கார் மாமி?"

"மார்கழியில ஃபேன் வேணுங்கறார். நான் போர்வையை எடுத்துண்டு ஹாலுக்குப் போயிடுவேன். மத்தபடி முன்னைக்கு இப்போ தேவலை. எது பண்ணினாலும் ருசியா இருக்குன்னு சாப்பிடறார். நாப்பது வருஷம் உப்பு இல்லே, புளி இல்லேன்னவர்."

பிலோமினாவின் புருஷன் அந்தோணி அந்த வீட்டில் அதிகம் பேசாத ஒரே ஆள். செய்தித்தாளை இறக்கி, "மச்சான், அந்த ஊசி நம்மளை மாதிரி நல்லா இருக்கிறவனுக்கும் போடுவாங்களா? ருசிக்குத்தான் கேக்குறேன்," என்றார். பிலோமினா ஒரு பார்வை பார்த்தாள். செய்தித்தாள் மறுபடி ஏறிவிட்டது.

சிரிப்பும் பேச்சுமாக இருந்தாலும், உள்ளே ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. மூன்றில் எது என்பதல்ல அது. எதை எடுத்தாலும் நான் வேறு ஆளாகிவிடுவேனோ? பயணிகளோடு பேசிப் பேசியே பிழைத்தவன் பேச்சு இல்லாமல் போய்விட்டால்? ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் வேறு யாரோ வந்து படுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டால்? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. ஸ்டெல்லாவிடம் முக்கியமாக முடியவில்லை.

5

செவ்வாய்க்கிழமை காலை பட்டினப்பாக்கத்துக்கு இறால் வாங்கப் போனேன். மீன் விற்கும் ஞானம்மாவுக்கும் எங்கள் கோவில்தான். என்னைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா நைனா, உனுக்கும் அந்த நோவாமே. பூசையில படிச்சாங்களே."

"ஆமா."

"எங்க ஊட்டுக்காரருக்கு எடுத்து நாலு வருசமாவுது. தோ, அங்க குந்திகினு கீது பாரு."

குடைக்குக் கீழே அவள் புருஷன் சவரி, வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மடங்கு தோள். ஒரு பெரிய வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடியே பேசினார்.

"ஊசிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தபா லைன்ல நிக்கணும்னாங்க. யாரு நிக்கிறது? எடுத்துடு டாக்டர், அத்த வெச்சுகினு நான் இன்னா வலையா இழுக்கப் போறேன்னேன்."

"இப்போ எப்படி இருக்கு?"

"உடம்பு கபால்னு கொதிக்கும் சார். ஐஸ் பொட்டில தலைய வுட்டுகினு குந்திடுவேன். போன மாசம் ஒரு அம்மா வந்து, இது என்ன மீன்னு கேட்டுச்சு."

ஞானம்மா சிரித்ததில் பக்கத்துக் கடைக்காரியும் சேர்ந்துகொண்டாள். நான் வெட்டுப்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டேன். "ஆள் மாறிட்ட மாதிரி இருக்கா?"

சவரி கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். அவர் சொல்வதற்குள் ஞானம்மா முந்திக்கொண்டாள். "முன்னெல்லாம் வாயத் தொறந்தா சண்டைதான் நைனா. இப்போ ஓயாத பேச்சு. டிவில சீரியல் பாத்துகினு அழுவுது."

"அழுதா இன்னா? என் கண்ணு, நான் அழுவுறேன்," என்றார் சவரி.

அந்த வரியை அங்கேயே நோட்டில் எழுதினேன். பேச்சு போகாது, கூடத்தான் செய்யும். அப்படியானால் அறுவைதான். ஒரே நாள். அப்புறம் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று எந்த மருத்துவமனைக் கடிதத்துக்கும் காத்திராமல் சுற்றலாம். இறாலை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியபோது பரீட்சை எழுதி முடித்த பையனைப் போல மிதந்துகொண்டு வந்தேன்.

6

ஸ்டெல்லா சமையலறைத் தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு உரித்தேன்.

"ஆபரேஷனே பண்ணிக்கலாம்னு இருக்கேன் ஸ்டெல்லா."

"யாரு சொன்னா?"

"சவரி. எடுத்து நாலு வருஷமாச்சாம். நல்லா இருக்கார்."

"சவரியோட நானா குடும்பம் நடத்துறேன்?"

நான் இன்னொரு இறாலை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். நான் உரித்தால் பாதி சதை ஓட்டோடு போய்விடுமாம்.

"நர்ஸ் சொன்னா. உங்க பிள்ளை கட்டம் போட்டு அனுப்பினான். மாடி வீட்டு மாமி சொன்னாங்க. மீன்காரம்மா சொன்னாங்க. தூய ஆவியாரைக் கேட்டீங்க. என்னை மட்டும் யாரும் கேக்கல. நீங்களும்தான்."

உண்மை. முப்பத்து நான்கு வருடம் கூட இருப்பவளை, இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. என் உடம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, இப்போ கேக்கிறேன்."

"மாத்திரை வேணாம். நான் பஸ் ஸ்டாப்புல கை காட்டினப்போ, சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டிட்டு வண்டிய நிறுத்தாம போனவரு நீங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. உங்களை நம்பி தினமும் மாத்திரையா?"

"அறுவை?"

அவள் கை நின்றது.

"சிலருக்குக் கொஞ்ச நாள் ஊசியை நிறுத்திப் பாக்குறதுண்டுன்னு டாக்டர் சொன்னாரு. நிறுத்தினா பழையபடி வரலாம், வராமலும் போகலாம்னாரு. எனக்கு அந்த 'வரலாம்' வேணும். கதவைச் சாத்துங்க, வேணாங்கல. ஆணி அடிக்காதீங்க."

 வழக்கம்போல விளையாட்டாகத் தப்பிக்கப் பார்த்தேன். "அறுபத்தாறு வயசுல இதெல்லாம்..."

"உங்களுக்கு அறுபத்தாறு. எனக்கு அறுபத்திரண்டுதான்."

முகம் சிவந்து இறால் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க உசுரோட இருந்தாப் போதும்னு சொல்லுவேன்னு நினைச்சீங்களா? அது முதல்ல, அதுல என்ன சந்தேகம். ஆனா அதுக்கு அடுத்ததா இதுவும் இருக்கு. நீங்க வேற ஆளாயிட்டா நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். அந்தக் கவலையை என்கிட்ட விடுங்க."

நான் வேறு ஆளாவதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தூக்கத்தில் பேசியிருப்பேனோ என்னவோ. இறால் நாற்றத்தோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம், பிறகு சிரித்தோம், பிறகு எது எதுவென்று தெரியாமல் இரண்டும் செய்தோம். ஊசி இன்னும் போடவே இல்லை, கவனிக்க வேண்டும்.

7

மறுநாள் பிற்பகல் ஜேனட்டுக்குப் போன் செய்தேன். அங்கே அப்போது காலை. ஊசி என்றேன். நல்லது என்றாள், எழுதிக்கொண்டாள். யாருடனாவது கலந்து பேசினீர்களா என்று படிவத்தில் உள்ளதைக் கேட்டாள். நானூறு பேர் என்றால் அந்தப் பெட்டிக்குள் அடங்காது என்பதால் மனைவியுடன் என்றேன்.

அப்படியானால் பையில் இருக்கும் துணை மாத்திரையை இன்றைக்கே தொடங்குங்கள், ஊர் திரும்பியதும் ஊசி என்றாள். அதைச் சொல்ல ஸ்டெல்லா பக்கம் திரும்பினேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சிஸ்டர், திரும்பி வந்து தொடங்கினா ஏதாவது ஆபத்தா? பன்னிரண்டு நாள்தான்," என்று இங்கிலீஷில் கேட்டாள். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வி ஆர் ஆன் ஹாலிடே," என்றாள் ஸ்டெல்லா.

 ஜேனட் சிரித்தது எனக்கே கேட்டது. மருத்துவரைக் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். பன்னிரண்டு நாளில் எதுவும் ஆகிவிடாது, ஆனால் பதின்மூன்றாவது நாள் இருவரும் தம் முன்னால் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராம். விடுமுறையை நன்றாகக் கழியுங்கள் என்று அவள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள்.

தங்கை வீடு இரண்டு அறை. நடுவில் இருக்கும் சுவர் பேருக்குத்தான். நாங்கள் போனை வைத்ததும் பிலோமினா ஹாலுக்கு வந்து, புருஷனைப் பார்த்து, "காலையில நாம வேளாங்கண்ணி போறோம்," என்றாள்.

செய்தித்தாள் இறங்கியது. "நாளைக்கா? எதுக்கு?"

"அண்ணனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். அஞ்சு நாள் தங்கி வரணும்."

"அஞ்சு நாளா? நீ என்கிட்ட சொல்லவே..."

"துணியை எடுத்து வைங்க."

அந்தோணி என்னைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார், எழுந்து துணி எடுத்து வைக்கப் போனார். பிலோமினா வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள். பால்காரர் வரும் நேரம், தண்ணீர் மோட்டார் போடும் நேரம், மாடி வீட்டு மாமியிடம் கதவைத் தட்ட வேண்டாம் என்று சொல்லிவிடப் போகும் விவரம், எல்லாவற்றையும் வகுப்பெடுப்பது போல வரிசையாகச் சொன்னாள்.

"திரும்பி வர்றப்போ," என்று ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு முழு வாக்கியமாக முடித்தாள், "தாம்பரத்துலயே போன் பண்ணிட்டுத்தான் அண்ணே வருவோம்."